சர்க்கரை நோயாளிகளின் சமநிலைப் பயிற்சியை நிறுத்தியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் சர்க்கரை நோய்ப் பிரிவை நடத்தும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

சென்ற மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு நாங்கள் பதினான்கு பேர் வழக்கம்போலப் பின்பக்க வராந்தாவுக்கு வந்தோம். நாங்கள் நிற்கும் இடத்தில் அட்டைப்பெட்டிகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. பயிற்சியின்போது நாங்கள் பிடித்துக்கொள்ளும் சன்னல் கம்பியில் ஒரு தாள் கட்டப்பட்டிருந்தது. "மறு அறிவிப்பு வரும் வரை உடற்பயிற்சி வகுப்பு நடைபெறாது." கையெழுத்து இல்லை, தேதி இல்லை, காரணமும் இல்லை. உள்ளே போய்க் கேட்டதற்கு, வகுப்பு நடத்திய இயன்முறை மருத்துவரை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னீர்கள். "வீட்டிலேயே காலையில் அரை மணி நேரம் நடங்கள், அது போதும்" என்றும் சொன்னீர்கள்.

போதாது. ஏன் போதாது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இரண்டு முறை மனு எழுதிக் கொடுத்தோம். இரண்டுக்கும் பதில் இல்லை. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். ஊர்ப் பெயரையும் மருத்துவமனையின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். யாரையும் சந்தியில் நிறுத்துவது என் எண்ணமில்லை. இந்த மடல் யாருக்கு என்பது உங்களுக்குத் தெரியும்.

எனக்கு வயது 66. 31 ஆண்டுகள் அரசுப் பேருந்தில் நடத்துநராக வேலை பார்த்தவன். தருமபுரியிலிருந்து ஒகேனக்கல், சேலம், கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூரு என்று இந்தப் பக்கத்துச் சாலைகள் எல்லாம் என் காலுக்குப் பழக்கம். நடத்துநர் வேலை என்பதே நின்றபடி செய்யும் வேலை. ஒரு கையில் டிக்கெட் கட்டு, மறு கையில் சில்லறை. கம்பியைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. தொப்பூர் கணவாயில் வண்டி இறங்கும்போதும், பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் மலைப்பாதையில் வளையும்போதும், இடுப்பைச் சீட்டின் ஓரத்தில் லேசாகச் சாய்த்து, கால்களை அகட்டி ஊன்றி, டிக்கெட் கிழித்துக் கொடுப்பேன். திடீரென்று பிரேக் பிடித்தால் உட்கார்ந்திருக்கும் பயணிகள் முன்னால் சாய்வார்கள். நான் நின்ற இடத்தில் நிற்பேன். உடம்பின் நிதானம் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை வைத்துத்தான் என் குடும்பம் சாப்பிட்டது.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு விடியற்காலை. வீட்டு முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியருகில் நின்று முகத்துக்குச் சோப்புப் போட்டேன். கண்ணை மூடினேன். உடம்பு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. தலைசுற்றலும் இல்லை, மயக்கமும் இல்லை. கண்ணைத் திறந்தால் நேராக நிற்கிறேன்; மூடினால் சாய்கிறேன். மூன்று முறை மூடித் திறந்து பார்த்தேன். மூன்று முறையும் அதேதான். வயதாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் சந்தையிலிருந்து வீடு வந்து சேர்ந்தபோது இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. வெறுங்காலால் எவ்வளவு தூரம் நடந்து வந்தேன் என்பதும் தெரியவில்லை. பாதத்தில் ஒரு கண்ணாடிச் சில்லு குத்தி நின்றிருந்தது. என் மனைவி பார்த்துச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும்.

அடுத்த ஐப்பசியில் மின்சாரம் போன ஓர் இரவில், கழிப்பறைக்குப் போக எழுந்தவன் வாசற்படி தடுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் எனக்குச் சோறு ஊட்டியது மனைவிதான்.

இந்த மூன்று சம்பவங்களும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பது எனக்கு மிகத் தாமதமாகத்தான் புரிந்தது. புரியவைத்தவர் நீங்கள் மாற்றி அனுப்பிய அந்த இயன்முறை மருத்துவர். மனிதன் நிமிர்ந்து நிற்க மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து தகவல் போக வேண்டும் என்றார் அவர். கண், உள்காது, பிறகு பாதமும் கால் மூட்டுகளும். சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாகவே இருந்தால் நரம்புகள் கெடுகின்றன. நீளமான நரம்புகள்தான் முதலில் பாதிக்கப்படும், அதனால்தான் கால் விரல் நுனியில் தொடங்குகிறது. பாதத்திலிருந்து வரும் தகவல் குறைந்துவிட்டால் மனிதன் தன்னை அறியாமலே கண்ணை நம்பி நிற்கப் பழகிவிடுகிறான். பகலில் சமாளித்துவிடுவான். முகத்தில் சோப்புப் போட்டாலோ விளக்கு அணைந்தாலோ கண்ணும் இல்லை, பாதமும் இல்லை. என் முற்றத்தில் நடந்தது அதுதான். வாசற்படியில் நடந்ததும் அதுதான்.

எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது 49 வயதில். 17 ஆண்டுகளாக மாத்திரை வாங்குகிறேன். சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று எத்தனையோ முறை ரத்தம் கொடுத்திருக்கிறேன். எண்ணைப் பார்த்து மாத்திரையைக் கூட்டியிருக்கிறீர்கள், குறைத்திருக்கிறீர்கள், அதற்கு நன்றியுடையவன்தான். ஆனால் அந்த வகுப்பு தொடங்கும் வரை, "இந்த வருடத்தில் எங்கேயாவது விழுந்தீர்களா?" என்று ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை. மாவுக்கட்டோடு வந்து மாத்திரை வாங்கிய அன்றுகூட யாரும் கேட்கவில்லை.

அந்த வகுப்பு தீபாவளி முடிந்த வாரம் தொடங்கியது. மாத்திரை வாங்க வருகிற செவ்வாயும் வெள்ளியும்தான் வகுப்பு. தனியாக பஸ் டிக்கெட் எடுத்து வர வேண்டியதில்லை. முதலில் ஒவ்வொருவருக்கும் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள். 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுக் கால் மணி நேரம் உட்கார வேண்டும். அப்புறம் பாதத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும். புண் இருந்தால் அன்றைக்கு நிற்கும் பயிற்சி கிடையாது, நாற்காலியில் உட்கார்ந்தபடிதான். வெறுங்காலோடு யாரையும் இயன்முறை மருத்துவர் விடமாட்டார். பின்னால் வார் வைத்த எம்.சி.ஆர். செருப்பு (மரத்த பாதத்துக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு), இல்லாதவர்களுக்குக் கேன்வாஸ் ஷூ.

பயிற்சி என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. முன்பாதத்தைத் தூக்கிக் குதிகாலில் நிற்பது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. பக்கவாட்டில் அடி வைப்பது. தரையில் போட்ட சுண்ணாம்புக் கோட்டின் மேல், ஒரு காலின் கட்டைவிரலை மறு காலின் குதிகால் தொடும்படி அடி பிடித்து நடப்பது. மடித்துப் போட்ட கம்பளியின் மேல் நிற்பது. செங்கல்லைத் தாண்டுவது. நடந்துகொண்டே தலையை இடமும் வலமும் திருப்புவது. பிறகு ஒற்றைக் காலில் நிற்பது: முதலில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, அப்புறம் ஒரு கையால், அப்புறம் இரண்டு விரலால், கடைசியில் விரலையும் எடுத்துவிட்டு. கண்ணை மூடி நிற்பது மட்டும் அவர் பக்கத்தில் நின்று தோளருகே கையை வைத்திருக்கும்போதுதான்.

மாத்திரை வரிசையில் நின்றவர்கள் முதல் வாரம் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். "இந்த வயதில் என்ன ஒற்றைக்கால் தவம்?" என்றார்கள். மூன்றாவது வாரம் அவர்களில் நான்கு பேர் தங்கள் சீட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு எங்களோடு வந்து நின்றார்கள்.

எங்கள் வகுப்பில் ஒரு அம்மா இருந்தார். புளி தட்டிக் கொட்டை எடுக்கிறவர். காலையிலிருந்து பொழுது சாயும் வரை தரையில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் வேலை. முதல் நாள் அவருடைய பாதத்தைச் சோதித்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்த நைலான் இழை ஒன்று உண்டு; அதைப் பாதத்தில் வைத்து அழுத்துவார்கள், தெரிந்தால் சொல்ல வேண்டும். அந்த அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தார். இழை கட்டைவிரலில் பட்டு வளைந்தது. முன்பாதத்தில் மூன்று இடங்களில் பட்டு வளைந்தது. அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, "எப்போது வைக்கப்போகிறீர்கள்?" என்று கேட்டார்.

உங்களில் யாராவது அந்தக் கேள்வியைக் காதால் கேட்டிருந்தால், அந்த வராந்தாவைப் பெட்டிகளுக்குக் கொடுத்திருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் கழித்து அதே இழையை வைத்துப் பார்த்தபோதும் அவருக்குத் தெரியவில்லை. போன உணர்ச்சி திரும்பிவிடும் என்று இயன்முறை மருத்துவர் எங்களுக்கு ஒருநாளும் வாக்குக் கொடுத்ததில்லை. ஆனால் தொடையிலும் கணுக்காலிலும் வலு ஏறும், மீதி இருக்கிற உணர்ச்சியைக்கொண்டு உடம்பு நிற்கப் பழகும், சாய்கிறோம் என்று தெரிந்தவுடன் அடுத்த காலை எடுத்து வைக்கும் வேகம் கூடும் என்றார். அதுதான் நடந்தது. முதல் நாள் சுவரைப் பிடிக்காமல் தரையிலிருந்து எழ முடியாதவர், மாசி மாதத்தில் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்தார்.

என் கணக்கையும் சொல்கிறேன். வே பில் என்னும் டிக்கெட் கணக்குத் தாளை எழுதிப் பழகிய கை சும்மா இருக்காது. ஒவ்வொரு வகுப்பிலும் யார் வந்தார்கள், எத்தனை விநாடி நின்றார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். மொத்தம் 47 வகுப்புகள். முதல் நாள் கம்பியை விட்டு நான் வலது காலில் நின்றது 3 விநாடி, இடது காலில் 2. கடைசி வகுப்பில் 13, 11. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார முதலில் 17 விநாடி பிடித்தது, கடைசியில் 11. இந்தச் சோதனையில் 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து உள்ளவர் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் வகுத்திருக்கிறது. நான் அந்தக் கோட்டை இந்தப் பக்கமாகத் தாண்டி வந்திருந்தேன்.

"நடந்தால் போதும்" என்கிறீர்கள். நடை நல்லதுதான்; சர்க்கரை குறைகிறது, மனமும் லேசாகிறது. வாரத்துக்கு 150 நிமிடம் நடக்கச் சொல்லி நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், நடக்கிறேன். அதே 150 நிமிடத்தைச் சொல்லும் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதல், சர்க்கரை நோயுள்ள முதியவர்களுக்கு வாரம் இரண்டு மூன்று முறை சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்று தனியாகச் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் முதியவர்களுக்கு வாரம் மூன்று நாளாவது சமநிலையையும் வலுவையும் கூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது. நடையே போதும் என்றால் அவர்கள் ஏன் இதைப் பிரித்துச் சொல்ல வேண்டும்? நேர்ச்சாலையில் பகல் வெளிச்சத்தில் நடப்பது, தடுக்கும்போது தாங்கிப் பிடிக்கும் திறமையைக் காலுக்குக் கற்றுத்தராது. தடுக்க வைத்து, சாய வைத்து, பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் கொடுத்துத்தான் அதைக் கற்றுத்தர முடியும்.

ஓசூரில் செவிலியராக இருக்கும் என் இளைய மகள் இதைப் பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படித்துத் தமிழில் சொன்னாள். 2010-ல் 'டயபடீஸ் கேர்' என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயுள்ள மூத்தவர்களுக்கு வாரம் மூன்று நாள் வீதம் ஆறே வாரம் சமநிலைப் பயிற்சியும் வலுப் பயிற்சியும் கொடுத்திருக்கிறார்கள். விழும் ஆபத்து குறைந்திருக்கிறது. 2022-ல் பிரேசில் நாட்டு ஆய்வு ஒன்று. 51 முதல் 75 வயது வரை உள்ள 1,702 பேரை ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. அப்படி முடியாதவர்களிடையே சர்க்கரை நோய் மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023-ல் சொன்னது. இத்தனை கோடிக் கால்களை யார் சோதித்துப் பார்ப்பது?

எங்கள் பக்கத்துக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. வெளியூரிலிருந்து மாறுதலாகி வருகிற அலுவலர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வந்தது. அதற்கு முன்பு நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஆழ்குழாய்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் தலைமுறையில் பல்லில் பழுப்புக் கறை இல்லாதவர் குறைவு. பலருக்கு முதுகும் முழங்காலும் இறுகிப்போயிருக்கின்றன. குனிந்தால் நிமிர முடியாது, கழுத்தைத் திருப்ப உடம்போடு திரும்ப வேண்டும். அந்த உடம்பில் பாதமும் மரத்துப்போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பெங்களூரிலோ சென்னையிலோ இருக்கும் சர்க்கரை நோயாளியைவிட எங்களுக்கு இந்தப் பயிற்சி கூடுதலாகத் தேவை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது எங்கே? இதோ பக்கத்தில், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். அந்த வாரம் முழுவதும் எங்கள் டீக்கடைகளில் அதே பேச்சுத்தான். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீடு தேடி வரும், இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வரும் என்றார்கள், வரவும் செய்கிறது. படுக்கையில் கிடப்பவருக்கு வீடு தேடிச் சிகிச்சை தருகிற அரசு, படுக்கையில் விழாமல் இருக்கப் பாடுபடுகிறவர்களுக்கு வராந்தாவில் இடம் தராது என்று நான் நம்பவில்லை. இது அரசின் கொள்கை இல்லை. இந்தக் கட்டடத்துக்குள் யாரோ எடுத்த முடிவு. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்து 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று தொடங்கினார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் அந்தப் பாதைக்கு நாங்கள் வந்து சேர வேண்டுமானால் முதல் எட்டு அடியைப் பயமில்லாமல் வைக்கத் தெரிய வேண்டும். விழுந்தவனுக்கு எலும்பு முறிவைவிடப் பெரிய நோய் பயம். நான் மாவுக்கட்டுப் பிரித்த பிறகு இரண்டு மாதம் தெருவுக்கே வரவில்லை. நடக்காததால் சர்க்கரை ஏறியது. மாத்திரையைக் கூட்டினீர்கள். காலில் வலு குறைந்தது. பயம் இன்னும் கூடியது. அந்தச் சுற்றிலிருந்து என்னை வெளியே இழுத்தது உங்கள் வராந்தாதான்.

நீங்கள் நேரில் சொன்ன காரணங்களில் ஒன்று என்னை மிகவும் வருத்தியது. "வயதானவர்களை ஒற்றைக் காலில் நிற்க வைக்கிறார், யாராவது விழுந்தால் யார் பதில் சொல்வது?" என்று கேட்டீர்கள். என் நோட்டில் 47 வகுப்புகளின் கணக்கு இருக்கிறது. ஒன்பது பேர் வந்த நாளும் உண்டு, இருபத்திரண்டு பேர் வந்த நாளும் உண்டு. ஒருவரும் விழவில்லை. பிடிக்கக் கம்பி இருந்தது, பின்னால் நாற்காலி இருந்தது, கவனிக்கப் படித்தவர் ஒருவர் இருந்தார். நாங்கள் விழுவது கழிப்பறைத் தரையில், மாட்டுக் கொட்டகையில், பஸ் படிக்கட்டில், கிணற்றடிப் பாசியில். அங்கே விழுந்தால் பதில் சொல்லும் பொறுப்பு யாருக்கும் வராது என்பதற்காக அங்கே விழுவதே மேல் என்று நீங்கள் நினைக்கமாட்டீர்கள்.

பதிவேட்டில் இந்த வகுப்புக்குப் பத்தி இல்லை என்றும் சொன்னீர்கள். எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம், எத்தனை பேருக்கு ரத்தம் எடுத்தோம் என்று மேலே கணக்கு அனுப்ப வேண்டும். இதை எந்தக் கணக்கில் காட்டுவது என்றீர்கள். அரசு வேலை பார்த்தவன் நான், அந்தச் சிரமம் புரிகிறது. பத்தி இல்லாவிட்டால் ஒரு கோடு போட்டால் பத்தி ஆகிவிடும்.

வகுப்பு நின்று ஐந்து வாரம் ஆகிறது. புளி தட்டும் அந்த அம்மா மூன்றாவது வாரம் விடியற்காலையில் மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்து, வெளியூர் மருத்துவமனையில் ஆபரேஷன் ஆகி, இப்போது மகன் வீட்டில் படுத்திருக்கிறார். வகுப்பு நடந்திருந்தால் அவர் விழுந்திருக்கமாட்டார் என்று நான் சாட்சி சொல்ல முடியாது. சாணம் மெழுகிய தரை யாரையும் வழுக்கும். போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போயிருந்தேன். கட்டிலில் படுத்தபடியே, போர்வைக்குள் கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருந்தார். "வகுப்பில் சொன்னதை விடவில்லை அண்ணா" என்றார். "எப்போது மறுபடியும் தொடங்குகிறார்கள்?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்ல வேண்டும்?

நான் வீட்டில் பயிற்சியை விடவில்லை. மனைவி பக்கத்தில் நிற்க, சமையலறை மேடையைப் பிடித்துச் செய்கிறேன். ஆனால் அவளுக்கும் வயது 61, நான் சாய்ந்தால் தாங்க முடியாது என்று அவள் பயப்படுகிறாள். அவள் பயத்தைப் பார்த்துக் கம்பளி மேல் நிற்பதையும் கண்ணை மூடி நிற்பதையும் விட்டுவிட்டேன். நேற்று வலது காலில் நின்றது 8 விநாடி. தனியாரிடம் போனால் ஒரு தடவைக்கு 300 ரூபாய் கேட்கிறார்கள். ஓய்வூதியம் வாங்குகிற என்னால் மாதத்துக்கு இரண்டு தடவை போக முடியலாம். புளி தட்டிக் கூலி வாங்குகிறவர்களால் முடியாது.

எங்கள் கோரிக்கைகள் இவை. செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டரை முதல் ஒன்பதரை வரை அந்த வகுப்பை மறுபடியும் நடத்துங்கள். அதே இயன்முறை மருத்துவரைத்தான் தர வேண்டும் என்று கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு காலைப் பொழுதுக்கு ஒருவரை அனுப்பினால் போதும். அப்படி ஒருவர் கிடைக்கும் வரை உங்கள் பிரிவின் செவிலியர் ஒருவருக்குப் பழைய இயன்முறை மருத்துவரிடம் பயிற்சி வாங்கிக் கொடுங்கள். பெட்டிகளை பழைய எக்ஸ்ரே அறைக்கு மாற்றுங்கள். அந்த அறை காலியாகப் பூட்டிக் கிடப்பதை மாதக்கணக்காகப் பார்க்கிறோம்.

வருடத்துக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு சர்க்கரை நோயாளியின் பாதத்தையும் நைலான் இழையாலும், அதிர்வு தெரிகிறதா என்று பார்க்கும் இசைக்கவையாலும் சோதியுங்கள். ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறு பாதத்தை ஒட்டி வைத்து 10 விநாடி நிற்க முடிகிறதா என்று பாருங்கள். அதற்கு ஒரு கடிகாரம்தான் தேவை. கடந்த ஆண்டில் விழுந்தீர்களா என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் எங்கள் கையேட்டில் இடம் ஒதுக்குங்கள். எழுந்து நிற்கும்போது சிலருக்கு ரத்த அழுத்தம் சரிகிறது. அதனால் படுத்த நிலையில் பார்ப்பதோடு, நின்ற பிறகும் ஒரு தடவை பாருங்கள். மெட்ஃபார்மின் பல ஆண்டுகள் சாப்பிட்டவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம், அதனாலும் கால் மரத்துத் தள்ளாட்டம் வரும். கால் மரத்துப்போவதாகச் சொல்கிறவர்களுக்கு அந்த ரத்தப் பரிசோதனையையும் எழுதிக் கொடுங்கள். எம்.சி.ஆர். செருப்புக்குப் பெயர் கொடுத்துக் காத்திருப்பவர்கள் எங்களில் ஏழு பேர். அவர்கள் எப்போது வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று தேதி சொல்லுங்கள். இடுப்பு முறிந்து கிடக்கும் அந்த அம்மாவுக்கு வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சை கிடைக்க இந்த வாரமே பெயர் பதிவு செய்யுங்கள். முகவரியை நேரில் தருகிறேன்.

இந்த மடலுக்கு முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும், தேதியும் கையெழுத்தும் போட்டு. முடியாது என்பதுதான் முடிவு என்றால் அதையும் எழுதிக் கொடுங்கள். அடுத்து யாரிடம் போக வேண்டும் என்பதை நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

வரும் செவ்வாய்க்கிழமை எட்டரை மணிக்கு நாங்கள் பதின்மூன்று பேரும் வருகிறோம். பெட்டிகளைத் தூக்கச் சொல்லி என் மருமகனையும் அவன் நண்பர்கள் இருவரையும் அழைத்து வருகிறேன். எக்ஸ்ரே அறைச் சாவியை மட்டும் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
செவ்வாய், வெள்ளி வகுப்பினர் சார்பில்,
ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர்,
தருமபுரி மாவட்டம்